வல்லாரை உலர்ந்த நோட்டுகள்

"ஏல பேச்சி, என் ஜாமென்ட்ரி பாக்ஸ்ல கெடந்த காம்பஸை எடுத்தது நீதான?" என்று ஏழு வயது ஜெஸ்லின் எங்கள் வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அம்மா அவர்களுக்கு ஊத்தாப்பம் ஊற்றிக்கொண்டிருந்தாள். காம்பஸை எடுத்தது நான்தான். ஆனால் எடுத்தது ஜெஸ்லினிடமிருந்து இல்லை, என் அண்ணன் இசக்கிராஜாவிடமிருந்து, அதுவும் அவன் ஒன்பதாவது படித்தபோது. ஜெஸ்லினுக்கு அப்போது பல்லுகூட முழுசா முளைக்கவில்லை. அவள் இதைக் கேட்டபோது ராஜா செத்து ஒரு வருஷம் ஆகவிருந்தது.

அவள் அதை அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் கேட்டாள். அதை நான் அப்போது பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேறு கணக்கு ஓடியது: பிள்ளைகள் ராஜாவின் ஒன்பதாம் வகுப்பு நோட்டுக்கு வந்துவிட்டார்கள், இன்னும் பத்தாவது, பதினொன்றாவது, பிறகு பன்னிரண்டாவது, அந்தப் பன்னிரண்டாவதின் கடைசி நோட்டில், கடைசிப் பக்கத்தில், நான் இருக்கிறேன்.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன், இழுக்க எனக்குப் பிடிக்காது.

எங்கள் ஊர் மேலக்கால் புதூரில் தவசிக்கனி அண்ணாச்சி கலர் சோடா கம்பெனி வைத்திருந்தார். ஆரஞ்சு, பன்னீர், நன்னாரி என்று மூன்று கலர். பெரிய கம்பெனிகளின் பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகு கல்யாண வீட்டில்கூட அவர் கலரை யாரும் தொடவில்லை. அப்போதுதான் டியூஷன் சென்டர் சாமிதாஸ் சார் அவரிடம், பரீட்சை நேரத்தில் மூளைக்கு நல்லது என்று சொன்னால் பெற்றவர்கள் சாக்கடைத் தண்ணீரையும் வாங்கிக் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார். ஆற்றுக்கால் ஓரத்தில் வல்லாரை ஆடு தின்று மிச்சம் கிடந்தது. அதை அரைத்து, கருப்பட்டி போட்டு, எலுமிச்சை பிழிந்து, இஞ்சி தட்டிப் போட்டு, கேஸ் ஏற்றி, அடியில் தங்கும் மண்டி தெரியாமல் இருக்கப் பச்சை பாட்டிலில் அடைத்தார். பேர் மேதை.

ருசி பார்க்கிற வேலை எனக்கு. நான் பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டு, அம்மா வேலைக்குப் போகும் அதே கம்பெனியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். "உனக்கு வேலை செஞ்சா எருமைக்கும் வேலை செய்யும்லே" என்பார் அண்ணாச்சி. முதல் ஈடு தவளை குளித்த தண்ணீர் மாதிரி இருந்தது, அதையே சொன்னேன். இரண்டாவது ஈடு நனைந்த சாக்கு மாதிரி இருந்தது, அதையும் சொன்னேன். பச்சை இலையால்தான் நாற்றம் என்று பிடிபட்டதும் உலர்த்திப் பொடித்துப் போடலாம் என்று ஆயிற்று. வெயிலில் போட்டால் இலை கறுத்தது, வெறும் சிமெண்டுத் தரையில் போட்டால் வேர்த்து அழுகியது. கடைசியில் தகரக் கொட்டகை நிழலில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் ஒற்றை ஒற்றை இலையாகப் பரப்பி, நாலு நாள் காயவிட்டோம். அது அம்மாவின் வேலை. இலை காய்ந்து எடுத்தபோது அடியிலிருந்த செய்தித்தாள் வெள்ளையாக இருந்தது, ஒரு எழுத்துகூட இல்லாமல், கஞ்சி போட்டு வெளுத்த வேட்டி மாதிரி. வல்லாரை மையைக் குடிக்கும்போல என்று அம்மா சொன்னாள். யாரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, வேலை கிடந்தது.

சாமிதாஸ் சாரின் டியூஷன் வாசலில் அந்த ஈட்டை இலவசமாகக் கொடுத்தோம். ஆட்டோவில் மைக் கட்டி, ஆறு பாட்டிலுக்கு ஒரு ஸ்கேல் இலவசம் என்று கத்திக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். மறுநாள் சார் போர்டில் முக்கோணம் வரைந்து முடிப்பதற்குள் ஒரு பையன் எழுந்து என்றைக்கோ ஒரு நாளின் பவுன் விலையைச் சொன்னான், இன்னொருவன் பொதுப்பணித்துறை டெண்டர் அறிவிப்பைக் கடைசித் தேதியோடு ஒப்பித்தான், கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி யாரோ முன்பின் தெரியாதவருடைய கண்ணீர் அஞ்சலியை, மகன்கள் மருமகள்கள் பேரன் பேத்திகள் பெயரோடு, ஒரு பிசகு இல்லாமல் சொல்லிவிட்டு அவருக்காக அழுதாள். ஊர் ஆச்சரியப்படவில்லை. பெற்றவர்கள் வந்தார்கள், சண்டை போட்டார்கள், பரீட்சைக்கு வராததெல்லாம் ஞாபகத்துக்கு வருதே அண்ணாச்சி, இதுக்கா காசு குடுத்தோம் என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

அடுத்து பரீட்சை கைடுகளை விரித்துப் பார்த்தோம். அந்த வழுவழுப்புத் தாளில் இலை ஒட்டிக்கொண்டதே தவிர ஒன்றும் குடிக்கவில்லை. பேப்பர் இல்லாமல் இலை வாடிக் கிடந்த ஒரு நாளில், அம்மா வீட்டுக்குப் போய் ராஜாவின் பெட்டியைத் திறந்து அவனுடைய ஆறாம் வகுப்பு அறிவியல் நோட்டை எடுத்துவந்து, பக்கம் பக்கமாகப் பிரித்துத் தரையில் விரித்தாள்.

எழுத்து போயிரும்மா என்றேன்.

"எனக்கு எழுத்து இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்" என்றாள் அம்மா. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "பெட்டில கெடந்தா கரையான் திங்கும். பிள்ளைங்க தலைக்குள்ள போனா, அங்கன கொஞ்ச நாள் இருப்பாம்லா."

ராஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் எங்கள் ஸ்கூலில் எல்லாப் பரீட்சையிலும் முதல். எங்கள் அப்பா கேரளாவுக்கு கான்கிரீட் வேலைக்குப் போய் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, அம்மாவுக்கு இருந்த ஒரே பேச்சு ராஜாதான். பதினொன்றாவது முடிந்ததும் ஒரு டீச்சர் சிபாரிசில் வடக்கே ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்து, அம்மாவே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். மார்கழி பிறக்கும்போது அங்கே காய்ச்சல் கண்டு செத்துப்போனான். கொண்டுவந்து இறக்கிய அன்றிலிருந்து அம்மா ஒரே வார்த்தையைத்தான் எல்லாரிடமும் சொன்னாள், துக்கத்துக்கு வந்தவர்களிடமும், குழாயடியிலும், இலை பரப்பும்போது இலையிடமும்: "காய்ச்சல்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே அவன். ஓடிப்போயிருப்பேன்லா. நான் கொண்டுவிட்டேன்னு கோவமா? அம்மான்னு தோணலியா அவனுக்கு?"

ராஜாவின் நோட்டில் காய்ந்த இலை பாட்டிலுக்குள் போன வாரம், டியூஷனில் நாற்பத்தொரு பிள்ளைகளும் ஒளிச்சேர்க்கையைப் படம் போட்டு எழுதினார்கள். எல்லாரும் ஒரே கையெழுத்தில் எழுதினார்கள், இடப்பக்கம் சாய்ந்து, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் குட்டி வட்டம் போட்டு. அது ராஜாவின் கை. சாமிதாஸ் சார் பேப்பர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே மார்க்கைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

அண்ணாச்சி அம்மாவிடம் கேட்டு, ராஜாவின் பஸ் பாஸ் போட்டோவை லேபிளில் அச்சடித்தார். 'மேதை. குடித்தது மறக்காது.' நோட்டுகளை வரிசையாகத்தான் போட வேண்டும் என்று சார் சொன்னதால், ஆறாவதில் தொடங்கி ஒரு வகுப்பு முடிய இரண்டு வாரம் என்று வைத்தோம். சின்ன வகுப்புப் பிள்ளைகளும் குடித்தார்கள். ஒரு வீட்டில் பாட்டில் இருந்தால் எல்லாப் பிள்ளைகளும்தானே குடிக்கும்.

பாடம் மட்டும் ஏறியிருந்தால் தொல்லை இல்லை. ஆனால் ராஜாவுக்கு உள்ளங்கை வேர்க்கும். எழுதும்போது நினைத்ததெல்லாம் வேர்வையோடு தாளில் இறங்கியிருக்கும்போல. பிள்ளைகள் கத்திரிக்காயை ஒதுக்கினார்கள், ராஜா தின்னமாட்டான். இரண்டே வாரத்தில் சந்தையில் கத்திரிக்காய் சீண்டுவாரில்லாமல் சொத்தையானது, விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் வெண்டைக்கு மாறிக்கொண்டார்கள். மாவு மில் முனையில் மூன்று வருஷத்துக்கு முன் செத்த ஒரு நாய்க்குப் பயந்து எல்லாப் பிள்ளைகளும் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள், பெரியவர்களும் எதற்கு வம்பு என்று அப்படியே நடந்தார்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஷர்மிளா அக்கா வெளியே வந்தால் நாற்பத்தொரு பேரும், பொம்பளைப் பிள்ளைகள் உட்பட, வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார்கள். அவள் முதலில் சிரித்தாள், பிறகு ஒரு நாள் விவரம் புரிந்து, மடிப்புக் கலைந்த சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். உயிரோடு இருந்தபோது அவன் அவளிடம் மணி என்ன என்றுகூடக் கேட்டதில்லை.

பிறகு சாயங்காலம் ஆனதும் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். புத்தகப் பையை ராஜா மாட்டும் ஆணிக்குக் கீழே அடுக்கினார்கள், அவன் டம்ளர் எது என்று தெரிந்து அதற்குச் சண்டை போட்டார்கள், "எம்மா, பசிக்கு" என்றார்கள். அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மாவு கரைத்தாள். ஜெஸ்லினின் அம்மா, தையல்காரர் வீட்டு மரிய புஷ்பம், என் பிள்ளை எப்படி இன்னொருத்தியை அம்மாங்கலாம் என்று சண்டைக்கு வந்தாள். வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், "சரி, பொழுது சாயுற வரைக்கும் ஒங்க பிள்ளையா இருக்கட்டும், அதுக்கப்புறம் எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு தூக்குவாளி நிறைய மாவு கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தெரு என்று முறைவைத்து மாவு வந்தது.

அம்மா மட்டும் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. "அவன் கண்ணு வழியா என்னையப் பாக்க எனக்குத் தைரியம் இல்லல" என்றாள். நானும் குடிக்கவில்லை. ருசி பார்த்துத் துப்பிவிடுவேன்.

இனி என் விஷயம்.

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வார்டன் போனில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசலாம். அந்த ஞாயிறு அம்மா கம்பெனியில் இருந்தாள், போன் என் கையில் இருந்தது, நான் கேம் ஆடிக்கொண்டிருந்தேன், ஜெயிக்கிற நேரம். ராஜா கூப்பிட்டான். "பேச்சி, அம்மாட்ட சொல்லு. காய்ச்சல் அடிக்கு. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றான். சரி சொல்லுதேன் என்று வைத்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மா வந்து கை கழுவியபோது ஞாபகம் இருந்தது, சோறு போட்டபோது இருந்தது. அவன் வந்தால் கட்டில் போகும், போன் போகும், வீட்டில் மறுபடி நான் இல்லாதவன் ஆகிவிடுவேன், பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான், நாலு நாள் கிடக்கட்டும் என்று நினைத்தேன். ராஜா பேசினானா என்று அம்மா கேட்டாள். நல்லா இருக்கானாம் என்றேன். புதன்கிழமை செத்துப்போனான்.

பெட்டி ஹாஸ்டலிலிருந்து வந்தபோது மேலே ஒரு நோட்டு இருந்தது, பழுப்பு அட்டை, அம்மாவே சோற்றுப் பசை தடவி அட்டை போட்டுக் கொடுத்தது. கடைசியில என்னல எழுதிருக்கான், வாசி என்றாள். வாசித்தேன், மனதுக்குள். ஞாயிறு: 'காய்ச்சல் கூடுது. பேச்சிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு அம்மா வருவாங்க.' திங்கள்: 'அம்மா வரல. பஸ் கிடைச்சிருக்காது. நாளைக்கு வருவாங்க.' செவ்வாய் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது, 'வருவாங்க' மட்டும் தெரிந்தது.

"கெமிஸ்ட்ரி எழுதிருக்காம்மா" என்றேன்.

"நம்மளப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

"இல்ல."

அந்த நோட்டை ஓடாத டிவியின் பின்மூடியைக் கழற்றி உள்ளே வைத்துத் திருகிவிட்டேன்.

பிள்ளைகள் பதினொன்றாவது முடித்து, பன்னிரண்டாவதின் முதல் நோட்டுகளையும் முடித்து அங்கேயே நின்றார்கள். "பெறகு என்னாச்சும்மா எனக்கு?" என்று அம்மாவைக் கேட்டார்கள். அம்மாவுக்கு எழுத்து தெரியாதே தவிர ஒவ்வொரு நோட்டையும் அட்டையை வைத்துத் தெரியும். பழுப்பு அட்டை ஒன்று இருந்ததே என்று பெட்டியைக் கவிழ்த்தாள், பரண் ஏறினாள், என்னைக் கேட்டாள். கரையான் தின்றிருக்கும் என்றேன்.

போகி அன்றைக்கு அம்மா வீட்டில் உள்ள ஓட்டை உடைசலை எல்லாம் வெளியே தள்ளினாள். நான் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பழைய இரும்புக்காரர் எங்கள் டிவியை வாசலில் வைத்து உள்ளே செம்பு இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நோட்டு அவர் காலடியில் விழுந்தது. அம்மா எடுத்துச் சேலையால் துடைத்தாள், என்னைப் பார்த்தாள்.

"கரையான் தின்னுரும்னு பத்திரமா வச்சேன்" என்றேன்.

அவள் என் ஈரத் தலையைத் தடவினாள். "உனக்கும் அவன் மேல பாசந்தாம்ல" என்றாள்.

அடித்திருக்கலாம் அவள்.

என்னை வாசிக்கச் சொல்லவில்லை. "இதையும் காயப்போடுவோம். கடேசில அவன் என்ன நெனச்சான்னு பிள்ளைங்க வாயால கேட்டுக்கிடுதேன்" என்றாள். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை, பரீட்சை நேரம், நாலு மாவட்டத்துக்கு பஸ் பார்சலில் ஆர்டர். பழுப்பு அட்டைக்குள் இருந்த பக்கங்களின்மேல் இலை நாலு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் குனிந்து பார்த்தேன். 'வருவாங்க' மட்டும் லேசாகத் தெரிந்தது, நாலாம் நாள் அதுவும் இல்லை. கொப்பரையைக் கிண்டியது நான்தான். கவிழ்த்திருக்கலாம், கவிழ்க்கவில்லை. நான் வாயைத் திறக்காமலே அது வெளியே வரட்டும், எவனாவது சொல்லித் தொலைக்கட்டும், அம்மா என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்று நினைத்தேன். நானே பெட்டி பெட்டியாக ஏற்றி இறக்கினேன்.

அந்த ஈட்டைக் குடித்த அன்று சாயங்காலம் நாற்பத்தொரு பேரும் வந்தார்கள். பையை அடுக்கவில்லை, டம்ளருக்குச் சண்டை இல்லை. எல்லாருக்கும் முகம் வாடி, உதடு காய்ந்து, லேசாக நடுங்கிக்கொண்டு இருந்தார்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவர்கள் நடுவே உட்கார்ந்தாள்.

"கடேசில என்ன ராசா நெனச்ச?"

ஜெஸ்லின்தான் பேசினாள். "ஒங்களத்தான்மா."

"பின்ன ஏன் எனக்கு ஒரு வார்த்த சொல்லல?"

நாற்பத்தொரு தலையும் குனிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, காம்பஸைப் பற்றியும் அவர்கள் அம்மாவிடம் சொன்னதே இல்லை. ராஜா ஒரு நாளும் என்னைப் பற்றி அம்மாவிடம் கோள் சொன்னவன் இல்லை. அடி வாங்கியிருக்கிறான், சொன்னதில்லை. அவன் எப்படியோ அப்படித்தானே அவர்களும் இருப்பார்கள்.

அம்மா பதில் வரும் என்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "கோவம்தான் போல. இருக்கட்டும், சாப்பிடுங்க" என்றாள். போகும்போது ஜெஸ்லின் என் பக்கத்தில் நின்றாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது, அதை என் முழங்கையில் வைத்தாள். "நீயே சொல்லிருவன்னுதான் நான் சொல்லல" என்றாள்.

பரீட்சை முடிந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பாஸ், மேதை எல்லா ஊருக்கும் போகிறது, அண்ணாச்சி புது மிஷின் வாங்கிவிட்டார், இப்போது வேறு ஊர்களில் முதல் வந்தவர்களின் நோட்டுகளைத் தேடி அலைகிறார். குடிப்பதை நிறுத்தியதும் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாக வடிந்தது, முதலில் ஷர்மிளா, பிறகு நாய், பிறகு கத்திரிக்காய். வீட்டுக்கு வருவது குறைந்து, ஒரு நாள் யாரும் வரவில்லை. அம்மா அன்று ஊற்றிய ஊத்தாப்பம் அடுக்கியபடியே ஆறியது. ஜெஸ்லின் தெருவில் என்னைப் பார்த்து, "பேச்சி அண்ணே" என்று கூப்பிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

ஆனால் வெளியூர்களில் இன்னும் குடிக்கிறார்கள். கடைகளில் பழுப்பு நோட்டு ஈடு இன்னும் பாக்கி கிடக்கிறது. ராஜாவுக்கு அம்மாவின் போன் நம்பர் மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அடிக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ஒரு பையன், விளாத்திகுளத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை, பேர் தெரியாத ஊரிலிருந்து மழலை மாறாத ஒரு குரல். அவர்களுக்கு என்னைத் தெரியாது, ஊர் தெரியாது, எதற்குக் கூப்பிடுகிறோம் என்றே தெரியாது. ஒருவன் வைத்தால் அடுத்தவன். பின்னால் ஒரு வீட்டுச் சத்தம், மிக்சி, யாரோ இவனைத் திட்டுகிற சத்தம். குரல் மட்டும் நடுங்குகிறது.

போன ஞாயிறும் நான்தான் எடுத்தேன். அம்மா பத்தடி தூரத்தில் வாசலைப் பார்த்தபடி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள், யாராவது வந்தால் இருக்கட்டும் என்று.

"யாருலே போன்ல?" என்றாள்.

"பேச்சி," என்றது குரல், "அம்மாட்ட சொல்லு. காய்ச்சல் அடிக்கு. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

சரி, சொல்லுதேன் என்றேன்.

சொல்லவில்லை.